எங்கே போய்விடப் போகிறோம்?

2022 மே 15, ஞாயிற்றுக்கிழமை மதியம். அடுப்படியில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மசாலா டப்பாவுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்த போனில் ரேடியோ வர்ணனை. பிட்ஸ்பர்க்கில் பேஸ்பால் ஆட்டம். எங்கள் சின்சினாட்டி ரெட்ஸுக்காக ஹன்டர் கிரீன் வீசிக்கொண்டிருந்தான். 22 வயதுப் பையன், இப்போதுதான் மேல்மட்ட ஆட்டத்துக்கு வந்திருக்கிறான். ஏழு இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. எதிரணிக்கு ஒரு ஹிட் கூட இல்லை, அதாவது சொந்த அடியால் ஒருவன்கூட முதல் பேஸைப் பிடிக்கவில்லை.

பேஸ்பாலில் இதற்கு நோ-ஹிட்டர் என்று பெயர். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; அத்தனையிலும் எதிரணிக்கு ஒரு ஹிட்டும் விடாமல் வீசி முடிப்பது. கிரிக்கெட்டில் ஒரே ஆள் பத்து விக்கெட்டும் எடுப்பது போல என்று சொல்ல மாட்டேன், அதைவிடக் கொஞ்சம் அடிக்கடி நடக்கும். ஆனாலும் நடக்கிற அன்றைக்கு ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். அது நடந்துகொண்டிருக்கும்போது அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். கூட ஆடுகிறவர்கள்கூட பந்து வீசுகிற பிட்சர் பக்கத்தில் போய் உட்கார மாட்டார்கள். இவர்களுக்கு மிளகாய் சுற்றிப் போடத் தெரியாதே தவிர, கண்ணேறு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும்.

மாடியிலிருந்து இறங்கி வந்த மகள் ஸ்கோர் கேட்டாள். பூஜ்யம், பூஜ்யம் என்றேன். "அவங்களுக்கு எத்தனை ஹிட்?" என்றாள். நான் பதில் சொல்லாமல் வெங்காயத்தையே பார்த்தேன். புரிந்துகொண்டாள். சத்தம் வராமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

எட்டாவது இன்னிங்ஸில் ஒருத்தன் அவுட். அப்புறம் கிரீன் அடுத்தடுத்து இரண்டு பேருக்கு வாக் கொடுத்தான். அதாவது கட்டத்துக்கு வெளியே நான்கு பந்து போனால், அடிப்பவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம். கிரீன் அதுவரை 118 பந்து வீசியிருந்தான். இந்தக் காலத்தில் 100 தாண்டினாலே மேனேஜர்களுக்கு வயிற்றைக் கலக்கும். அவனை எடுத்துவிட்டு ஆர்ட் வாரனைக் கொண்டுவந்தார்கள். வாரனும் ஒரு வாக். மூன்று பேஸும் நிரம்பிவிட்டது. அடுத்து வந்த கேப்ரியன் ஹேய்ஸ் தரையோடு ஒரு பந்தைத் தட்டினான். இரண்டாவது பேஸ்காரர் எடுத்து, பக்கத்தில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப்புக்குக் கொடுத்தார், அங்கே ஒரு அவுட்; அவர் முதல் பேஸுக்கு எறிந்தார். இரண்டு அவுட்டும் விழுந்திருந்தால் இன்னிங்ஸ் முடிந்திருக்கும். ஹேய்ஸின் கால் முந்திக்கொண்டது. ஒரு அவுட் விழுந்ததால் அது ஹிட் கணக்கிலும் வரவில்லை. அந்த இடைவெளியில் மூன்றாவது பேஸில் நின்றவன், அடிக்கத் தொடங்கிய இடத்துக்கே ஓடிவந்து சேர்ந்துவிட்டான். ஒரு ரன்.

ஒன்பதாவதில் நம்மவர்கள் மட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்கள், தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார்கள். 1-0.

"ஒரு ஹிட் கூடக் கொடுக்கலையே. அப்புறம் எப்படிப்பா தோத்தோம்?"

பதினோரு வயதுப் பிள்ளைக்கு இதை எப்படி விளக்குவது? 1901-க்குப் பிறகு ஒரு ஹிட் கூட அடிக்காமல் ஓர் அணி ஜெயிப்பது இது ஆறாவது முறை என்று சொன்னார்கள். பிட்ஸ்பர்க் சொந்த மைதானத்தில் முன்னால் இருந்ததால் ஒன்பதாவதில் அவர்கள் அடிக்க வரவே தேவையில்லை. ஆக எங்கள் பிட்சர்கள் வீசியது எட்டு இன்னிங்ஸ்தான். 1991-இல் கொண்டுவந்த விதிப்படி ஒன்பது வீசினால்தான் அது நோ-ஹிட்டர் என்று ஏட்டில் ஏறும். தோல்வி மட்டும் ஏறும்.

"போதுங்க, யாருக்கு இவ்வளவு வெங்காயம்?" என்றாள் மனைவி. குனிந்து பார்த்தால் பை காலி.

இதோடு 35 ஆட்டங்களில் 9 வெற்றி, 26 தோல்வி. இனிமேல் இந்த வருஷம் ரேடியோவைத் தொட மாட்டேன் என்று அங்கேயே, அந்த வெங்காயத் தோலின் மேல் சத்தியம் செய்தேன்.

பிட்ஸ்பர்க் மைதானமும் அந்த 1-0 என்ற ஸ்கோரும்தான் கூடுதலாகக் குத்தியது. அதற்கு ஒரு பழைய கதை உண்டு.

நான் இந்தப் பக்கம் குடிவந்தது 2012-இல். பேஸ்பால் என்றால் எனக்கு அப்போது, தொப்பி போட்டவர்கள் மெதுவாகத் துப்பிக்கொண்டே நிற்கும் விளையாட்டு. பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் பிடித்து உட்காரவைத்தார். பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலமானால் கராஜ் கதவைத் தூக்கிவிட்டு, மடக்கு நாற்காலியைப் போட்டு, பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவே இருக்கும் பழைய ரேடியோவைத் திருகிவிடுவார். டிவியில் பார்க்க மாட்டார். "டிவியில பார்த்தா கண்ணுக்குத்தான் வேலை. இதுல நாமதான் ஆடணும்" என்பார். மார்டி பிரென்னமன் அப்போது வர்ணனையாளர். 1974-இலிருந்து 2019 வரைக்கும் ரெட்ஸின் குரல் அவர்தான். ஜெயித்தால் கடைசியில் ஒரு வாக்கியம் சொல்லுவார்: இந்த ஆட்டம் ரெட்ஸுக்கே சொந்தம். தோற்றால் சொல்ல மாட்டார். அந்த வாக்கியத்துக்காகவே பெரியவர் ஆட்டம் முடிந்தபிறகும் எழுந்திருக்காமல் காத்திருப்பார்.

அந்த வருஷம் செப்டம்பர் 28-ஆம் தேதி, அதே கராஜில், நான் கேட்ட முதல் நோ-ஹிட்டர். ஹோமர் பெய்லி வீசினார். அதே பிட்ஸ்பர்க் மைதானம். அதே 1-0. ரன் மட்டும் நம்முடையது. எட்டாவது இன்னிங்ஸில் நான் ஏதோ விவரம் கேட்க வாயைத் திறந்தபோது பெரியவர் கையைத் தூக்கி அடக்கினார். எதற்கு என்று மறுநாள்தான் சொன்னார்.

அந்த சீசனில் ரெட்ஸ் 97 ஆட்டம் ஜெயித்தது. அப்புறம் பிளே-ஆஃபில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டு, சொந்த ஊரில் மூன்றையும் தோற்றது. மூன்றில் ஒன்று போதும், ஒன்றுகூட வரவில்லை. நான் ரசிகனானது அந்த 97-ஆல் இல்லை, அந்த மூன்றால்தான். இதில் பெருமை ஒன்றுமில்லை. சிலருக்கு அம்மை வடு, எனக்கு இது.

ஆகவே தோல்வி எனக்குப் புதிதில்லை. இந்த அணி பிளே-ஆஃப் தொடர் ஒன்றைக் கடைசியாக ஜெயித்தது 1995-இல். 2020-இல் அட்லாண்டாவோடு இரண்டே ஆட்டம், மொத்தம் 22 இன்னிங்ஸ், ஒரு ரன் கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்தார்கள். அதையும் பார்த்து, சாப்பிட்டு, தூங்கினேன். இந்த ஏப்ரல் மட்டும் ஏன் இப்படி அரிக்கிறது என்று யோசித்தபோது, ஆரம்பம் ஏப்ரலில் இல்லை என்று தெரிந்தது. போன நவம்பரில்.

2021-இல் ரெட்ஸ் 83 வெற்றி, 79 தோல்வி. பெரிய அணி இல்லை, ஆனால் இன்னும் இரண்டு நல்ல ஆட்களைச் சேர்த்தால் அக்டோபரில் பிளே-ஆஃப் ஆடலாம் என்று நம்பவைக்கிற அணி. அந்த வருஷம் மே 7-இல் வேட் மைலி என்கிற இடக்கைப் பிட்சர் கிளீவ்லாண்டில் நோ-ஹிட்டர் வீசினார். நவம்பரில் அவரை அடுத்த வருஷத்துக்கும் வைத்துக்கொள்ள 1 கோடி டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுக்க மனமில்லாமல் வெய்வரில் போட்டார்கள். அதாவது, வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளுங்கள், பதிலுக்கு எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று வாசலில் வைத்துவிடுவது. சிகாகோ கப்ஸ் வந்து எடுத்துக்கொண்டு போனது. பொது மேலாளர் நிக் கிரால், சம்பளப் பட்டியலை இருக்கிற வசதிக்கு ஏற்றபடி பொருத்த வேண்டியிருக்கிறது என்ற அர்த்தத்தில் ஒரு விளக்கம் கொடுத்தார். ஒன்றும் புரியாத மாதிரி இருந்தாலும் நன்றாகவே புரிந்தது.

கேட்சர் டக்கர் பார்ன்ஹார்ட் அதற்கு முன்பே டெட்ராய்ட் போய்விட்டார். டிசம்பர் 2-இலிருந்து மார்ச் 10 வரைக்கும் முதலாளிகள் ஆட்டக்காரர்களை வெளியே தள்ளிக் கதவடைப்பு. கதவு திறந்த அந்த வாரமே மறுபடி சரக்கு ஏற்றினார்கள். மார்ச் 13-ஆம் தேதி, பிடித்திருந்த சனி கிளம்பிற்று என்று நினைத்தேன்; சானி கிரே மினசோட்டாவுக்குக் கிளம்பினார். மறுநாள் ஜெஸ்ஸி விங்கரும் யுஹேனியோ சுவாரஸும் ஒரே மூட்டையில் சியாட்டிலுக்கு. நிக் காஸ்டெலானோஸ் 34 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்த கையோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு, பிலடெல்ஃபியாவில் போய்ச் சேர்ந்தார். கல்யாணம் முடிந்த மண்டபத்தில் ஷாமியானாக்காரர் ஒவ்வொரு நாற்காலியாக எடுத்து அடுக்குவாரே, அப்படி இருந்தது. நம் வீட்டுக் கல்யாணம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இதையெல்லாம் தாண்டித்தான் ஏப்ரல் 12 வந்தது.

சின்சினாட்டிக்கு முதல் ஆட்ட நாள் என்றால் திருவிழா. இந்த ஊர்தான் 1869-இல் எல்லோருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்த முதல் பேஸ்பால் அணியை நடத்தியது. அந்த மரியாதைக்காக, சீசனை ரெட்ஸ் சொந்த ஊரில் தொடங்குவதுதான் வழக்கம். இந்த வருஷம் கதவடைப்பில் அட்டவணை குலைந்து, முதல் நான்கு ஆட்டம் அட்லாண்டாவில். நடப்பு சாம்பியனோடு இரண்டு ஜெயித்து இரண்டு தோற்று வந்தார்கள். மோசமில்லை. அதில் ஒன்று கிரீனின் முதல் ஆட்டம், முதல் வெற்றி.

பள்ளிக்கு விடுப்புக் கடிதத்தில் என்ன காரணம் எழுதுவது என்று பெரியவரைக் கேட்டேன். "முதல் ஆட்டம்னு எழுது. யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க" என்றார். எழுதினேன், யாரும் கேட்கவில்லை. மகளைக் கூட்டிக்கொண்டு ஊர்வலம் பார்க்கப் போனேன். ஃபின்ட்லே மார்க்கெட்டிலிருந்து கிளம்பும் அந்த ஊர்வலம் கொரோனாவால் இரண்டு வருஷம் நடக்கவில்லை. அதனால் கூட்டம் அம்மியது. பேண்டு வாத்தியம், குதிரை, தீயணைப்பு வண்டி, மிட்டாய் வீசுகிறவர்கள். கிட்டத்தட்ட தேர் பார்க்கிற மாதிரிதான், வடம் பிடிக்க மட்டும் விட மாட்டார்கள்.

ஒரு கையில் மகளின் கை, இன்னொரு கையில் போன். போனில் சென்னை சூப்பர் கிங்ஸ். அந்த ஐபிஎல்லில் முதல் நான்கையும் வரிசையாகத் தோற்றிருந்தார்கள். இந்தியாவில் ராத்திரி ஆட்டம் என்றால் இங்கே காலை. துபே ஆட்டமிழக்காமல் 95, உத்தப்பா 88, பெங்களூரை 23 ரன்னில் ஜெயித்தாகிவிட்டது. நான் நடுத்தெருவில் துள்ளியதைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற சிவப்புச் சட்டைக்காரர் தானும் துள்ளினார், எதற்கென்று தெரியாமல். சரி, இன்றைக்கு இரண்டு பக்கமும் விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் போனில் இன்னொன்று வந்தது. அணியின் தலைவர் ஃபில் காஸ்டெலினி அன்றைக்கு ரேடியோவில் பேசியது. அவர் முதலாளி பாப் காஸ்டெலினியின் மகன். 2006-இலிருந்து அணி அந்தக் குடும்பத்தின் கையில். ரசிகர்கள் ஏன் உங்கள் மேல் இன்னும் நம்பிக்கை வைக்க வேண்டும் என்ற மாதிரி ஒரு கேள்வி. அதற்கு அவர் சொன்னதன் சாரம் இது: சரி, நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள்? அதிலிருந்தே ஆரம்பிப்போம். அணியை விற்கச் சொல்கிறீர்கள், யாரிடம் விற்பது? லாபம்தான் முக்கியமென்றால் இதைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போவதுதான் வழி, ஆகவே என்ன கேட்கிறோம் என்று பார்த்துக் கேளுங்கள்.

திருவிழா நாளில், சாமி புறப்பாட்டுக்கு முன்னால், தர்மகர்த்தா மைக்கைப் பிடித்து, வேறு கோவில் இருந்தால் போய்க் கும்பிடுங்களேன் என்று சொன்ன மாதிரி. பிற்பாடு மன்னிப்புக் கேட்டார். கேட்டார்தான், ஆனால் இதில் மன்னிப்பு எதற்கு என்றே எனக்குப் படவில்லை. உண்மையைச் சொன்னதற்கு யாராவது மன்னிப்புக் கேட்பார்களா?

அன்றைக்கு கிளீவ்லாண்டிடம் 10-5. மறுநாளும் அவர்களிடமே தோல்வி. லாஸ் ஏஞ்சல்ஸில் நான்கும் போச்சு. சான் டியாகோவில் மூன்றும் போச்சு. திரும்பி வந்து செயின்ட் லூயிஸிடம் இரண்டு. வரிசையாகப் பதினொன்று. ஒன்று ஜெயித்தார்கள், ஜெயித்த கையோடு மறுபடி வரிசையாக ஒன்பது. 25 ஆட்டம் முடிந்தபோது 3 வெற்றி, 22 தோல்வி. அலுவலகத்தில் என் மேசைக்கு எதிரே இருப்பவர் காலையில் ஸ்கோர் கேட்பதை நிறுத்திவிட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்க ஆரம்பித்தார்.

நடுவில் வெளிச்சமே இல்லை என்று சொன்னால் பொய். லாஸ் ஏஞ்சல்ஸ் கிரீன் வளர்ந்த ஊர்ப்பக்கம். அங்கே ஏப்ரல் 16-இல் மணிக்கு 100 மைல் வேகத்துக்குக் குறையாமல் 39 பந்து வீசினான். அதற்கு முன் ஒரே ஆட்டத்தில் இத்தனை பந்து இந்த வேகத்தில் யாரும் வீசியதாகப் பதிவில்லை. பெரியவர் கராஜில் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தார், இருபதுக்கு மேல் விட்டுவிட்டார். அந்த ஆட்டமும் 5-2 என்று தோற்றது. கிரீனுக்கு இந்த வருஷம் வாய்த்திருப்பதே இதுதான் போல. சமையல் பிரமாதம், சாப்பிட ஆளில்லாத வீடு.

ஜோயி வோட்டோவைப் பற்றி எழுதக் கை வரவில்லை. 2007-இலிருந்து இந்த ஒரே அணி. 2010-இல் லீகின் சிறந்த ஆட்டக்காரர். போன வருஷம்கூட 36 ஹோம் ரன். இந்த மே மாத ஆரம்பத்தில் கொரோனா பட்டியலில் போட்டபோது அவருடைய சராசரி .122 (நூறு முறை அடிக்க நின்றால் பன்னிரண்டு ஹிட்), ஹோம் ரன் பூஜ்யம். இதை முதலாளி தலையில் கட்ட முடியாது. 38 வயது யாரையும் கேட்டுக்கொண்டு வருவதில்லை. காயங்களும் அப்படித்தான்: பிட்சர் லூயிஸ் கஸ்தியோவுக்குத் தோள், ஜோனதன் இந்தியாவுக்குத் தொடை. (ஜோனதனின் குடும்பப் பெயர்தான் இந்தியா. எங்கள் வீட்டில் அவர் சட்டைக்குத் தனி மவுசு. அதைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போனால், நாட்டுப்பற்று என்று நினைத்துச் சிலர் சிரித்துவிட்டுப் போகிறார்கள்.)

மில்வாக்கியில் 18-4 என்று அடி வாங்கியது மே 4-ஆம் தேதி. ரௌடி டெலஸ் என்று ஒருத்தர். பெயரே அப்படித்தான், நான் வைக்கவில்லை. தனி ஆளாக எட்டு ரன் கொண்டுவந்தார். ஆறாவது இன்னிங்ஸில் ரேடியோவை அணைக்கப் போனேன். பெரியவர், "இரு, இதையும் கேட்டுத்தான் ஆகணும்" என்றார். ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. முழுசும் கேட்டோம். கொசு கடித்ததுதான் மிச்சம்.

இந்த இடத்தில் யாராவது கண்டிப்பாகச் சொல்லுவார்கள்: இப்பத்தானே ஆரம்பம். 162 ஆட்டம் இருக்கிறது. ஐபிஎல் மாதிரி 14 ஆட்டத்தில் கதை முடிந்துவிடாது. உண்மைதான். 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் 19-31 என்று கிடந்தது. அக்டோபரில், இறுதிப் போட்டியான உலகத் தொடர் அவர்கள் கையில். பேஸ்பாலில் இந்த வாதத்துக்கு எப்போதும் ஒரு நேஷனல்ஸ் தயாராக இருக்கும். ஆனால் அந்த அணியில் ஷெர்சர் இருந்தார், ஸ்ட்ராஸ்பர்க் இருந்தார், ரென்டோன் இருந்தார், ஸோட்டோ இருந்தார். அவர்கள் சரக்கு இருந்தும் சறுக்கினார்கள். நாம் சரக்கை மார்ச்சிலேயே ஏற்றி அனுப்பிவிட்டு, ஏப்ரலில் கடை ஏன் ஓடவில்லை என்று கேட்கிறோம்.

பெரியவர் சொல்லும் உதாரணம் வேறு. 1988 பால்டிமோர் ஓரியோல்ஸ். முதல் 21 ஆட்டமும் தோல்வி. ஆறு தோற்றதுமே மேனேஜரை, அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் கால் ரிப்கனின் அப்பாவை, வெளியே அனுப்பிவிட்டார்கள். அத்தனை தோல்வியோடு ஊர் திரும்பிய அணியை வரவேற்க மைதானத்தில் 50,000 பேருக்கு மேல் கூடினார்கள். அந்த வருஷம் 107 தோல்வி. மறு வருஷம் 87 வெற்றி. பெரியவர் இதைச் சொல்லுவது அந்த 87-க்காக இல்லை, அந்த 50,000-க்காக. "தோத்தவங்களைப் பார்க்க வந்தாங்க பார்" என்பார். நானும் அதைக் கேட்டு நெகிழ்ந்ததுண்டு. இந்த மாதம் எனக்கு அந்தக் கதை வேறு மாதிரி கேட்கிறது. அந்த 50,000 பேரை நம்பித்தானே காஸ்டெலினி ரேடியோவில் அப்படிப் பேசினார்?

யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசி இடத்துக்குப் போனால் கீழ் லீகுக்குத் தள்ளிவிடுவார்கள். முதலாளிக்கு வயிறு எரியும், ஏதாவது செய்வார். இங்கே தள்ளுவதற்குக் கீழே எதுவும் இல்லை. கடைசியில் வந்தால் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் வரிசை கிடைக்கும். வேண்டுமென்றே தோற்கிறார்களோ என்ற பேச்சு பெருத்துப்போய், கதவடைப்பு முடிந்தபோது போட்ட புது ஒப்பந்தத்தில் முதல் ஆறு இடத்துக்குக் குலுக்கல் வைத்திருக்கிறார்கள். அப்போதும் கடைசியில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம்தான். தேசிய டிவி பணம் 30 அணிக்கும் சமமாகப் பிரியும். தோற்கிற அணி பட்டினி கிடக்காது.

சின்ன ஊர், சின்ன வருமானம், நியூயார்க்கோடும் லாஸ் ஏஞ்சல்ஸோடும் மோத முடியாது என்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. சம்பளத்துக்கு உச்சவரம்பு இல்லாத விளையாட்டில் பணக்காரன் பணக்காரனாகத்தான் ஆடுவான். ஆனால் நம்மை 18-4 என்று துவைத்த மில்வாக்கி நம்மைவிடச் சின்னச் சந்தை. 2018-இலிருந்து 2021 வரைக்கும் அவர்கள் ஒவ்வொரு வருஷமும் பிளே-ஆஃப் ஆடினார்கள். டாம்பா பே காசை எண்ணி எண்ணிச் செலவழித்து 2020-இல் உலகத் தொடர் வரைக்கும் போனது. ஆகவே ஊர் சின்னது என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி அந்த ஏப்ரல் 12 பேச்சில் இருக்கிறது.

எனக்குக் கோபம் தோற்றதில் இல்லை. நான் வருவேன் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு, அந்தக் கணக்கை வைத்து அணியைப் பிரித்து விற்றதில்தான். என் விசுவாசத்தை ஒரு வரவினமாக ஏட்டில் எழுதிவிட்டார்கள். டிக்கெட் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், திட்டினாலும் துப்பினாலும், ரேடியோ பக்கத்தில் எங்கேயோ இவன் உட்கார்ந்திருப்பான் என்று தெரியும். இதைத் தப்பு என்று நிரூபிக்க ஒரே வழி போய்விடுவதுதான். எங்கே போக? கிளீவ்லாண்டுக்கா? இதே மாநிலம், நாலு மணி நேரம். இந்த வருஷம் பெயரைக்கூட கார்டியன்ஸ் என்று புதிதாக மாற்றியிருக்கிறார்கள், புது ரசிகனுக்குத் தோதுதான். ஒருநாள் ராத்திரி அவர்கள் ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் ஆடினார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் இன்னொரு ஜன்னலில் ரெட்ஸ் ஸ்கோரைத் திறந்திருந்தேன்.

சென்னையும் போன வாரம் முடிந்தது. மே 12, மும்பையிடம் 97 ரன்னுக்கு ஆல் அவுட். நடுவில் ஜடேஜா கேப்டன் பதவியைத் திரும்பத் தோனியிடம் கொடுத்ததும் நடந்தது. அதற்கும் வருத்தம்தான், ஆனால் அது வேறு வருத்தம். நாலு வருஷக் கோப்பைகள் அலமாரியில் இருக்கும் வீட்டில் ஒரு வருஷம் கரண்ட் போன மாதிரி. அங்கே யாரும் என்னை எங்கே போவாய் என்று கேட்கவில்லை.

மகள் 1990-ஐப் பற்றி அடிக்கடிக் கேட்பாள். நானே பார்க்காததை அவளுக்குச் சொல்லுவேன். அந்த வருஷம் ரெட்ஸ் முதல் ஒன்பது ஆட்டத்தையும் ஜெயித்தது. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரைக்கும் ஒருநாள்கூட முதல் இடத்திலிருந்து இறங்கவில்லை. உலகத் தொடரில் எல்லோரும் பயந்த ஓக்லாண்டை நான்குக்குப் பூஜ்யம் என்று முடித்தது. பெரியவர் சொல்லி நான் கேட்டது, நான் சொல்லி அவள் கேட்கிறாள். "அப்போ ஏப்ரல்ல ஜெயிச்சதும் கணக்குல வந்துச்சுல்ல? இப்ப தோத்தா மட்டும் ஏன் இப்பத்தானே ஆரம்பம்னு சொல்றாங்க?" என்றாள் ஒருநாள். நான் எழுத நினைத்த பாதியை அவள் ஒரே மூச்சில் கேட்டுவிட்டாள்.

இன்றைக்குத் திங்கள். ஆட்டம் இல்லை, ஆகவே தோல்வியும் இல்லை. சாயங்காலம் குப்பைத் தொட்டியைத் தெருமுனைக்கு உருட்டிக்கொண்டு போனேன். பெரியவர் கராஜில் உட்கார்ந்திருந்தார். ரேடியோ ஓடவில்லை. நேற்றைய ஆட்டத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சம்பந்தியோடு மனஸ்தாபம் வந்த வீட்டில் காபி குடிக்கிற மாதிரி, புல் வெட்டும் இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம், மழையைப் பற்றிக் கொஞ்சம். இன்னொரு மடக்கு நாற்காலி சுவரில் சாய்த்தபடியே இருந்தது. நான் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. சத்தியம் செய்திருக்கிறேன் அல்லவா?

கிளம்பும்போது கேட்டார்.

"நாளைக்கு கிளீவ்லாண்ட்ல நமக்கு யார் பிட்சர்?"

சட்டென்று பெயரைச் சொல்லிவிட்டேன். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து.